ஆவாரையும் ஆறும்

சென்னையிலிருந்து பெங்களூருக்கு ரயிலில் போகிறவர்கள் ஆம்பூர் ஸ்டேஷனைக் கண்டுகொள்வதற்குப் பெயர்ப் பலகை வேண்டியதில்லை, மூக்கு ஒன்றே போதும் என்று வேடிக்கையாகச் சொல்லுவதுண்டு. வண்டி ஊரை நெருங்கும்போது ஜன்னல் ஓரத்து அம்மாமார்கள் முந்தானையை மூக்கருகே கொண்டு போவார்கள். வண்டி நின்றதும், சீரக சம்பா அரிசியில் தம் போட்ட பிரியாணியின் வாசனை அதே மூக்கை வந்து வரவேற்கும். இந்த இரண்டு வாசனைகளுக்கும் நடுவே ஒரு பிரதேசத்தின் சரித்திரமே அடங்கிக் கிடக்கிறது. ஆனால் பிரயாணிகளில் பெரும்பாலோர் இரண்டையும் முகர்ந்து பார்ப்பதோடு திருப்தியடைந்து, அடுத்த ஸ்டேஷனுக்குப் போய்விடுகிறார்கள். நாமும் பல வருஷங்கள் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தோம். இந்தத் தடவை இறங்கிவிட்டோம்.

இறங்கியதற்குக் காரணம் ஒரு பூகோள வியாசம். நம் வீட்டுச் சிறு பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில், "கற்பனைத் தீவு ஒன்றின் இயற்கை வளங்களை விவரித்து எழுதுக" என்று வேலை கொடுத்திருந்தார்கள். அவள் மிகவும் தாராளமாக எழுதினாள். தென்னை மரம், மீன், தேன், நடுவில் ஒரு குன்று, குன்றடியில் ஒரு நீரூற்று, இவ்வளவும் அவளுடைய தீவில் இருந்தன. எல்லாம் எழுதி முடித்துப் படத்துக்கு வர்ணமும் தீட்டிவிட்டு, "தாத்தா, தீவில் இருக்கிறவர்கள் ஊற்றைக் கெடுத்துவிட்டால் அப்புறம் எங்கே போவார்கள்?" என்று கேட்டாள். நாம் பசிபிக் மகா சமுத்திரத்திலுள்ள நவுரு தீவின் கதையைச் சொன்னோம். அதன் பரப்பு 21 சதுர கிலோமீட்டர்தான். அங்கே மண்ணோடு மண்ணாக உயர்ந்த பாஸ்பேட் உரம் கிடந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து வெளிநாட்டார் அதை வெட்டிக் கப்பலேற்றினார்கள். 1968-இல் சுதந்திரம் பெற்ற பிறகு நவுருவாசிகள் தாங்களே வெட்டி விற்று, சில காலம் உலகத்துப் பணக்காரர்களின் வரிசையில் நின்றார்கள். உரம் தீர்ந்தது. தீவின் பெரும் பகுதி பயிருக்கும் உதவாத, வீட்டுக்கும் உதவாத சுண்ணாம்புக் கல் முட்களாக நின்றுவிட்டது.

குழந்தை கதையைக் கேட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டது. நமக்குத்தான் தூக்கம் வரவில்லை. தீவு என்றால் நாலு பக்கமும் கடல் இருக்க வேண்டும் என்பது பூகோளக்காரர்களின் இலக்கணம். ஆனால் மலைகளுக்கு இடையே அகப்பட்ட ஒரு சிறு பள்ளத்தாக்கும் ஒரு வகையில் தீவுதானே? அதன் மழை இவ்வளவு, அதன் காடு இவ்வளவு, அதன் ஊற்று இவ்வளவு என்று அளவு உண்டு. தீவில் நின்றால் கரை கண்ணுக்குத் தெரியும், பள்ளத்தாக்கில் தெரியாது. வித்தியாசம் அவ்வளவே. அப்படிப்பட்ட தீவு ஒன்று சென்னையிலிருந்து நாலு மணி நேரப் பிரயாணத்துக்குள் இருக்கும்போது பசிபிக் சமுத்திரத்துக்கு ஏன் போக வேண்டும் என்றுதான் ஆம்பூருக்கு வந்தோம்.

மணலுக்கு அடியில் ஓடும் ஆறு

ஆம்பூருக்குத் தெற்கே ஜவ்வாது மலைத் தொடர். வடக்கே, ஆந்திரத்து மேட்டு நிலத்துக்கு ஏறிச் செல்லும் மலைகள். இந்த இரண்டு மதில்களுக்கும் நடுவிலுள்ள சந்தில் பாலாறு, ரயில் பாதை, பெங்களூர் நெடுஞ்சாலை ஆகிய மூன்றும் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு போகின்றன. மலைநாட்டிலிருந்து சமவெளிக்கு இறங்குகிறவர்களுக்கு இது இயற்கையான வாசல். அதனால்தான் 1749 ஆகஸ்டில் ஆர்க்காட்டு நவாப் அன்வாருதீன் இந்த ஊரண்டை எதிரிகளை மறித்து நின்றார். அந்தச் சண்டையில் அவர் உயிர் துறந்தார். கர்நாடக யுத்தங்களின் பெரிய கதை அங்கிருந்து கிளம்புகிறது. சண்டைக்கதை இந்த வியாசத்துக்கு வேண்டாம். வாசல் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கத்தில் பிறக்கிறது. அங்கே 93 கிலோமீட்டரும், ஆந்திரத்தில் 33 கிலோமீட்டரும் கடந்து, வாணியம்பாடிக்கு மேற்கே தமிழ்நாட்டில் நுழைந்து, 222 கிலோமீட்டர் நடந்து வயலூர் அருகே வங்கக் கடலில் கலக்கிறது. "கலக்கிறது" என்பது பூகோளப் புத்தகங்கள் அதற்குக் காட்டும் மரியாதை. ஆண்டில் பெரும்பாலான நாட்களில் அது எங்கும் போய்க் கலப்பதில்லை. பாலாற்றைப் பார்க்க வருகிற வெளியூர்க்காரர், "ஆறு எங்கே?" என்று ஆற்றின் நடுவில் நின்றுகொண்டே கேட்பது வழக்கம்.

ஆனால் வட ஆர்க்காட்டு ஜனங்கள் அந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்கள். ஆறு மணலுக்கு அடியில் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். பாலாற்றின் விசேஷமே அந்த மணல்தான். வெள்ளம் வரும் சில நாட்களில் மணல் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். வெயில் அதை எளிதில் உறிஞ்ச முடியாது. பிறகு மாதக் கணக்காக அந்த நீர் அடியிலேயே மெல்ல நகர்ந்து, இரு கரையிலும் உள்ள கிணறுகளுக்குப் படியளக்கும். கோடைக் காலத்தில் ஆற்று மணலில் வாய்க்கால் பறித்து, ஊறி வருகிற நீரை அப்படியே வயலுக்குத் திருப்பும் ஊற்றுக்கால்கள் இந்தப் பிரதேசத்தில் எத்தனையோ தலைமுறைகளாக இருந்தன. ஆண்டுதோறும் ஊற்றுக்காலைத் தூர் வாரும் வேலையில் வீட்டுக்கு ஓர் ஆள் வந்தாக வேண்டும் என்பது கிராமத்துக் கட்டுப்பாடு. அணையும் இல்லை, இயந்திரமும் இல்லை. ஆற்று மணலே ஏரியாகவும், ஏரிக்கு மூடியாகவும் இருந்து வந்தது. இதைக் காட்டிலும் சிக்கனமான நீர்த்தேக்கத்தை எந்த எஞ்சினீயரும் கட்டியதில்லை என்பது நம்முடைய அபிப்பிராயம்.

ஆற்றுக்குக் கோபம் வந்த சமயங்களும் உண்டு. 1903 நவம்பரில் மைசூர்ச் சீமையில் ஏரிகள் உடைத்துக்கொண்டு வந்து, வாணியம்பாடியில் ஏறக்குறைய 200 பேரை வெள்ளம் வாரிக்கொண்டு போயிற்று. 2021 நவம்பரில் மீண்டும் கரை புரண்டது. நூறாண்டுக்கு மேல் காணாத பிரவாகம் என்று பாலங்களின் மேல் ஜனங்கள் கூட்டம் கூட்டமாக நின்று பார்த்தார்கள். இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் உள்ள காலத்தில்தான், சாதுவாக இருந்த ஆற்றுக்கு மனிதர்கள் செய்ததெல்லாம் நடந்தது.

மேலே உள்ள மாகாணங்களோடு ஏற்பட்ட தகராறு பழையது. 1892-இல் சென்னை ராஜதானிக்கும் மைசூர் சமஸ்தானத்துக்கும் நடந்த உடன்படிக்கையில் பாலாறும் இடம் பெற்றது. மேலே புது அணை கட்டுவதானால் கீழே உள்ளவர்களைக் கேட்க வேண்டும் என்பது அதன் சாரம். பேத்தமங்கலம் ஏரியிலிருந்து கோலார் தங்க வயலுக்குக் குடிநீர் போயிற்று. ஆந்திரத்துக் கணேசபுரத்தில் அணை கட்டும் யோசனையை எதிர்த்துத் தமிழ்நாட்டு சர்க்கார் 2006-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். இவற்றைப் பற்றி மேடைகளில் நிறையப் பேசியாகிவிட்டது. மேலே இருப்பவன் தண்ணீரைக் குறைத்தான் என்று சொல்லும் நாம், குறைந்து வந்த தண்ணீரை என்ன செய்தோம் என்பதுதான் அவ்வளவாகப் பேசப்படாத விஷயம். அதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு செடியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தங்கப் பூவும் துவர்ப்புப் பட்டையும்

ஆவாரை நம் குடும்பங்களுக்குப் புதிதல்ல. பொங்கலுக்கு முன் வீட்டு வாசலில் காப்புக் கட்டும்போது சிறுபீளையோடும் வேப்பிலையோடும் சேரும் அந்த மஞ்சள் பூதான். பூத்திருக்கும் ஊரில் வைத்தியருக்கு வேலையில்லை என்பது பாட்டிமார்கள் வழக்கு. தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. எரு போட வேண்டியதில்லை. ஆடு சீண்டாத செடி. செம்மண் மேட்டிலும் சரளைக் கரட்டிலும் ரயில் பாதை ஓரத்திலும் தானாக முளைத்துப் பொன் சொரிந்து நிற்கும்.

இந்த ஏழைச் செடியின் பட்டையில் நூற்றுக்கு 15 முதல் 20 பங்கு வரை துவர்ப்புச் சத்து இருக்கிறது. செத்த மாட்டின் தோலை அழுகாமல் காப்பாற்றிச் செருப்பாகவும் சேணமாகவும் ஆக்குவது இந்தத் துவர்ப்புதான். ஆவாரம் பட்டையில் ஊறிய தோல் மென்மையாகவும் வெளிர் நிறமாகவும் வரும். ஒரே குறை, வெயில் பட்டால் சிவந்து போகும். அதற்கும் மலை மருந்து கொடுத்தது. ஜவ்வாது மலைக் காடுகளில் விளையும் கடுக்காயை ஊற வைத்த நீரில் கடைசியாக ஒரு முழுக்குப் போட்டால் நிறம் நிற்கும். ஆக, தோல் உழவனின் மாட்டிலிருந்து வந்தது. பட்டை கரட்டு மேட்டிலிருந்து வந்தது. கடுக்காய் மலையிலிருந்து இறங்கியது. சுண்ணாம்பு காளவாயிலிருந்து வந்தது. தண்ணீரோ மணலில் ஊறிக் கிடந்தது. எல்லாம் ஒரு மாட்டு வண்டிப் பிரயாணத்துக்குள் கிடைத்தன. இந்தப் பள்ளத்தாக்கில் தோல் தொழில் வேரூன்றியதற்கு வேறு ரகசியம் கிடையாது.

1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் வந்தது. பின்னர் அது மேற்கே நீண்டு இந்த ஊர்களைத் தொட்டது. உடனே லண்டன் சந்தை பக்கத்துத் தெருவுக்கு வந்துவிட்டாற்போல் ஆயிற்று. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று வரிசையாகத் தோல் ஷாப்புகள் எழுந்தன. (தோல் பதனிடும் சாலையை இங்கே எல்லோரும் "ஷாப்பு" என்றுதான் சொல்லுகிறார்கள்.) அரைப் பதத்தில் இங்கிருந்து போன தோல் சீமையில் மெருகு பெற்று, பத்து மடங்கு கௌரவத்தோடு திரும்பி வந்து நம்மிடமே விலை போயிற்று. முதல் மகாயுத்தத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸுகளில் சென்னை ராஜதானித் தோல் நடந்தது. பருத்திக்கு நேர்ந்த கதைதான் தோலுக்கும் நேர்ந்தது என்பதை நேயர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

தொழிலில் கிடைத்த லாபம் முழுவதும் கடல் தாண்டிவிடவில்லை. இவ்வூர்களின் முஸ்லிம் வர்த்தகர்கள் சம்பாதித்ததில் கணிசமான பங்கைக் கல்விக்குக் கொடுத்திருக்கிறார்கள். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-இலும், ஆம்பூருக்கு அருகே உமராபாத்தில் ஜாமியா தாருஸ்ஸலாம் 1924-இலும் தோன்றின. ஷாப்புகளின் குழிகளில் இறங்கி உழைத்தவர்கள் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட குலத்து மக்கள். தோலைத் தொட்டதற்காக ஊர் அவர்களைத் தள்ளி வைத்தது. தோலை வாங்கி அணிந்தவர்களை யாரும் தள்ளி வைக்கவில்லை.

அறுபது வருஷ அனுபவமுள்ள ஒரு மேஸ்திரி நம்மைப் பழைய ஷாப்பு ஒன்றுக்குள் அழைத்துக்கொண்டு போனார். குழிகள் மண் மூடிக் கிடந்தன. "எங்கப்பா காலத்துல ஒரு தோலு உள்ளே போனா வெளியே வர ஒரு மாசத்துக்கு மேலே ஆவும் சார். பட்டை மாத்தி மாத்திப் போடணும். அவசரப்பட்டா தோலு வெறச்சிப் போயிடும்" என்றார். "இப்போது?" என்று கேட்டோம். "இப்போ டிரம்முல போட்டு சுத்திடறாங்க. ஒரு வாரம்!" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் பெருமை எவ்வளவு, வருத்தம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல நம்மால் முடியவில்லை.

ஆவாரைக்கு முதல் அடி வெளிநாட்டுப் பட்டையால் விழுந்தது. ஆஸ்திரேலியாவில் பிறந்து தென்னாப்பிரிக்காவில் பயிராக்கப்பட்ட வாட்டில் மரத்தின் பட்டையில் துவர்ப்பு இன்னும் அதிகம். இரண்டு மகாயுத்தங்களுக்கும் இடைக்காலத்தில் அது கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. கரட்டு மேட்டில் பட்டை உரித்துப் பிழைத்த குடும்பங்கள் வேறு வேலை தேடிப் போயின. பிற்பாடு நாமே நீலகிரியிலும் பழனி மலையிலும் வாட்டிலைப் பயிரிட்டோம். இன்று அது சோலைப் புல்வெளிகளைத் தின்றுகொண்டிருப்பது தனிக் கதை.

இரண்டாவது அடி குரோமியம். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1903-இல் சென்னையில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற துரை குரோம் உப்பில் தோல் பதனிடும் பரீட்சைகளைத் தொடங்கினார். அந்தத் தோல் தண்ணீரில் எளிதில் அழுகாது. ஆகையால், கிணற்றில் கவலை இறைக்கும் சாலுக்கு அது உகந்தது என்று கண்டார்கள். உழவனுடைய கிணற்றிலிருந்து தண்ணீர் மொள்ளுவதற்காக இந்த நாட்டுக்குள் வந்த சரக்கு, பின்னாளில் அதே கிணற்றுக்கு என்ன கொண்டு வந்து சேர்த்தது என்பதைப் பார்க்கப் போகிறோம்.

சுதந்திரம் வந்த பிறகு, அரைப் பதத் தோலை அனுப்பிவிட்டு அயலான் செய்த பூட்ஸை வாங்கும் அவமானம் தொடரலாகாது என்று நாட்டில் அபிப்பிராயம் வலுத்தது. 1948-இல் சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. 1972-இல் சீதாராமையா குழு, பச்சைத் தோலும் அரைப் பதத் தோலும் வெளியேறுவதைக் கட்டுப்படுத்தி, முடிந்த தோலாகவும் செருப்பாகவும் அனுப்ப வேண்டும் என்று யோசனை கூறியது. சர்க்கார் ஏற்றார்கள். சுதேசி நோக்கில் இதைவிடச் சரியான காரியம் இருக்க முடியாது. இன்றைக்கு ஆம்பூர்ச் செருப்புத் தொழிற்சாலைகளுக்குச் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து காலை நேரத்தில் பஸ்ஸு பஸ்ஸாகப் பெண்கள் வந்து இறங்குகிறார்கள். தங்கள் சம்பாத்தியத்தில் தம்பி தங்கைகளைப் படிக்க வைக்கும் பெண்கள். அந்தக் காட்சியைக் கண்ட பிறகு, "தோலே வேண்டாம்" என்று சொல்லும் உரிமை, செருப்புப் போட்டு நடக்கிற நமக்கு இல்லை என்று தீர்மானித்துக்கொண்டோம்.

ஆனால் முடிந்த தோலைச் செய்வதென்றால் குரோமியம் வேண்டும், சாயம் வேண்டும், அமிலம் வேண்டும். சீமையில் நடந்து வந்த அழுக்கு வேலையும் லாபத்தோடு சேர்ந்து நம் பள்ளத்தாக்குக்கு வந்தது. லாபத்தை எண்ணிக் கணக்கெழுத ஆள் இருந்தார்கள். அழுக்குக்குக் கணக்கெழுத ஒருவரும் இல்லை.

உப்பு

குரோமியத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அது பயங்கரமானதுதான். இதே பாலாற்றுப் பிரதேசத்தில் ராணிப்பேட்டையில், மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை ஒன்று விட்டுப் போன கழிவு லட்சக்கணக்கான டன் குவிந்து கிடந்து, மழை பெய்யும்போதெல்லாம் மஞ்சள் நீரைக் கசிய விட்டது. ஆயினும் தோல் ஷாப்புகளில் பயன்படும் குரோமியத்தைக் காரம் சேர்த்துப் படிய வைத்து மீட்டுவிடலாம். மீட்கும் வழி தெரிந்து பல வருஷங்கள் ஆகின்றன. மீட்க முடியாமல் எல்லோரையும் திணற அடிப்பது, நம் சமையலறையில் இருக்கும் சாதாரண உப்பு.

பச்சைத் தோல் அழுகாமல் இருப்பதற்காக, அதன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உப்பைத் தேய்த்து அனுப்புகிறார்கள். ஷாப்புக்கு வந்ததும் முதல் வேலை அந்த உப்பைக் கழுவிக் களைவது. ஒரு கிலோ தோலை முடிப்பதற்கு 35 லிட்டர் தண்ணீர் வரை செலவாகிறது என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே குறிப்பிருக்கிறது. அத்தனை தண்ணீரும் உப்பைச் சுமந்துகொண்டு வாய்க்காலுக்குப் போயிற்று, வாய்க்காலிலிருந்து ஆற்றுக்குப் போயிற்று. ஆறோ சாதாரண ஆறு அல்ல. மேலே ஓடுகிற ஆறாக இருந்தால் கடலுக்குத் தள்ளியிருக்கும். பாலாறு எதைக் கொடுத்தாலும் வாங்கி மணலுக்கடியில் பத்திரமாக வைத்துக்கொள்ளும். நல்ல தண்ணீரை எப்படிப் பாதுகாத்து வீடு வீடாகக் கொண்டு போய்க் கிணறுகளில் சேர்த்ததோ, அதே விசுவாசத்தோடு உப்பையும் சேர்த்தது.

1930-இல் வேதாரணியத்தில் ஒரு கைப்பிடி உப்புக்காக நம்மவர்கள் தடியடி பட்டார்கள். அதே உப்பைப் பின்னால் நாம் இவ்வளவு அலட்சியமாக ஆற்றில் கொட்டுவோம் என்று அவர்களிடம் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டார்கள்.

ஊருக்கு வெளியே ஒரு தோப்பில் பெரியவர் ஒருவர் தம்முடைய கிணற்றைக் காட்டினார். அழகாகக் கல் கட்டிய, படி இறங்கும் கிணறு. எட்டிப் பார்த்தோம். தண்ணீர் தெளிவாகவே இருந்தது. "தண்ணி இருக்குது சார். வாயில வைக்கத்தான் ஆவாது. நெல்லு வெச்சா தீஞ்சிடுது. தென்னை மட்டும் நிக்குது, அதுவும் காய் சிறுத்துப் போச்சி" என்றார். கிணறு வற்றிப் போனால் மழையைப் பார்த்துக் காத்திருக்கலாம். நிறைந்த கிணற்றின் கரையில் நின்றுகொண்டு எதைப் பார்த்துக் காத்திருப்பது?

வேலூர்ப் பிரஜைகள் நலச் சங்கம் ஒன்று 1991-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையம் எடுத்த கணக்குப்படி, தோல் ஷாப்புகள் உள்ள பிரதேசத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் அரைகுறையாகவோ அடியோடோ பயிருக்கு உதவாமல் போயிருந்தது. 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி நீதிபதி குல்தீப் சிங் முதலானோர் தீர்ப்பு அளித்தார்கள். கெடுத்தவனே செலவைக் கொடுக்க வேண்டும் என்பதும், கேடு வருமென்று தெரியும்போது பூரண ருசு கிடைக்கட்டும் என்று காத்திராமல் தடுக்க வேண்டும் என்பதும் இந்த நாட்டுச் சட்டத்தில் அடங்கியவையே என்று அந்தத் தீர்ப்பு நிலைநாட்டியது. தேசத்தின் பல மூலைகளிலும் உள்ள நியாய ஸ்தலங்களில் இன்றும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். பாலாற்று உழவனின் கிணற்று நீர், சட்டப் புத்தகங்களில் நிரந்தர இடம் பெற்றுவிட்டது.

கிணற்றில் என்ன மாறுதல் ஏற்பட்டது? நஷ்டத்தை மதிப்பிடுவதற்காக ஏற்பட்ட அதிகார சபை 2001-இல் முடிவு கூறியது. 547 ஷாப்புகள், 29,193 பேருக்கு, சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்பது அந்த முடிவு. நாம் காகிதத்தில் வகுத்துப் பார்த்தோம். தலைக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம் வருகிறது. ஒரு கிணறு வெட்டக்கூட அது காணாது. அதிலும் வந்து சேராதவர்கள் இருந்தபடியால் வழக்கு மறுபடியும் மேலே போயிற்று. 2025 ஜனவரி 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், பாக்கி உள்ளவர்களுக்கு சர்க்காரே ஆறு வாரத்துக்குள் கொடுத்துவிட்டு, ஷாப்புக்காரர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு போட்டது. வழக்குத் தொடுத்த வருஷத்திலிருந்து எண்ணினால் 34 வருஷம். முதல் மனுவின் காலத்தில் பிறந்த குழந்தைகள் தாங்களே குழந்தை பெற்றுவிட்டார்கள்.

இதற்கிடையில் ஷாப்புக்காரர்கள் சும்மா இருந்தார்கள் என்று சொல்வது அநியாயம். பல ஷாப்புகள் கூட்டாகச் சேர்ந்து கழிவு நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைத்தன. பிறகு ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாது என்று விதி வந்தது. நீரை வடிகட்டித் திரும்ப உபயோகிக்கும் பெரிய யந்திரங்களை வாங்கினார்கள். மின்சாரச் செலவு சிறு முதலாளிகளை முறித்தது. இவ்வளவும் செய்த பின் கடைசியில் மிஞ்சுவது என்ன? நீரைக் காய்ச்சி எடுத்த கலப்பு உப்பு. யாரும் வாங்கமாட்டார்கள். ஆற்றிலும் கொட்ட முடியாது. மூட்டை மூட்டையாக அடுக்கி வைக்க வேண்டியதுதான். கழிவுச் சேற்றின் கதை இன்னும் கொடியது. 2015 ஜனவரி 31-ஆம் தேதி ராணிப்பேட்டையில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து விழுந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உள்பட 10 பேர் மாண்டார்கள்.

தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா, கிராமக் கைத்தொழில் சங்கத்தில் காந்தியடிகளின் வலது கை போல் இருந்தவர். நிலைத்து நிற்கும் பொருளாதாரத்தைப் பற்றி 1945-இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். இயற்கைச் செல்வத்தை அவர் இரண்டாகப் பிரித்தார். நிலக்கரி, எண்ணெய் போல எடுக்க எடுக்கத் தீர்வது ஒரு ஜாதி. காடு, ஆறு போல ஆண்டுதோறும் வளர்வது மற்றொரு ஜாதி. இரண்டாவது ஜாதிச் செல்வத்தை, வளரும் அளவுக்கு மட்டும் எடுத்து வந்தால் தீரவே தீராது. ஆம்பூர்ப் பள்ளத்தாக்கை அவருடைய தராசில் வைத்துப் பார்த்தோம். மாடு வளரும். ஆவாரை வளரும். கடுக்காய் காய்க்கும். மழை வரும். எல்லாம் இரண்டாவது ஜாதி. நவுருவுக்குக் கிடைத்தது தீர்ந்து போகிற செல்வம். தீர்ந்து போயிற்று, அதில் ஆச்சரியம் இல்லை. தீராத செல்வத்தைத் தீர்த்து வைத்ததுதான் நம்முடைய சாமர்த்தியம்.

இன்னொன்றையும் கவனித்தோம். தோலுக்கு விலை உண்டு. இந்த ஊரில் கிடைக்காவிட்டால் வடநாட்டிலிருந்து வரவழைக்கலாம், வரவழைக்கிறார்கள். பட்டைக்கு விலை உண்டு. ஆவாரை போனால் வாட்டில், வாட்டில் போனால் குரோமியம் என்று பதிலுக்குப் பதில் கிடைத்தது. மணலுக்குக்கூட விலை வந்துவிட்டது. லாரி லாரியாக அள்ளிக் கட்டடங்களுக்குக் கொண்டு போனார்கள். ஏரியையும் ஏரியின் மூடியையும் சேர்த்து விற்றாற்போல் ஆயிற்று. தண்ணீர் ஒன்றுக்குத்தான் விலையும் போடவில்லை, பதிலும் கிடைக்கவில்லை.

பதில் கிடைக்கவில்லை என்றா சொன்னோம்? அந்த வாக்கியத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். ஊரில் ஒரு வீட்டில் நமக்குக் காப்பி கொடுத்தார்கள். நன்றாக இருக்கவே, "எந்தக் கிணற்றுத் தண்ணீர்?" என்று பழைய ஞாபகத்தில் கேட்டுவிட்டோம். வீட்டு அம்மாள் சிரித்தாள். "கிணறா? காவிரித் தண்ணிங்க!" என்றாள். உண்மைதான். வேலூர்ப் பிரதேசத்து நகரங்களுக்கு மேட்டூர்ப் பக்கத்திலிருந்து, மலைகளைச் சுற்றிக்கொண்டு குழாய் வழியாகக் காவிரி வருகிறது. பாலாற்றங்கரையில் குடியிருப்பவர்கள் காவிரியைக் குடிக்கிறார்கள். அதுவும் வராத நாளில் கேன் தண்ணீர். நம் பேத்தியின் கேள்விக்குப் பதில் இதுதான் போலும். தீவுக்காரர்கள் ஊற்றைக் கெடுத்துவிட்டால் அடுத்த தீவின் ஊற்றுக்குக் குழாய் போடுவார்கள்.

சாயங்கால வண்டிக்கு நேரம் இருந்தது. ஆற்றுக்குப் போனோம். கரை முழுவதும் வேலிக்காத்தான் மண்டிக் கிடந்தது. அதன் நடுவே ஓரிடத்தில் நாலைந்து ஆவாரஞ் செடிகள் மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்திருந்தன. பட்டையை உரிப்பதற்கு இப்போது ஆள் இல்லாததனால் நன்றாகக் கொழுத்து வளர்ந்திருந்தன. ஆட்டுக்காரப் பையன் ஒருவனிடம், "மணலைத் தோண்டினால் ஊற்று வருமா, தம்பி?" என்று கேட்டோம். அவன் பதில் சொல்லாமல் குந்தி உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் பறிக்க ஆரம்பித்தான். முழங்கை ஆழம் போனதும் மணல் நிறம் மாறிற்று. இன்னும் சிறிது தோண்டவே குழியின் அடியில் தண்ணீர் மெல்லச் சுரந்து வட்டமாக நின்றது. ஆறு இன்னும் அங்கேதான் இருந்தது. பையன் ஒரு கை அள்ளி மூக்கருகே கொண்டு போனான். பிறகு அந்தத் தண்ணீரைக் காலில் ஊற்றிக் கழுவிக்கொண்டு, ஆடுகளை ஓட்டிக்கொண்டு கரையேறிப் போய்விட்டான்.